எடை மாறவில்லை

லுட்விக்ஸ்ஹாஃபன். இரவுப் பணி.
உலைகளைக் குளிர்வித்த தண்ணீரை
ரைன் ஆறு இருட்டில்
வெதுவெதுப்பாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

என் வேலை உருண்டைகளை நொறுக்குவது.
மிளகளவு ஊக்கி உருண்டை,
இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே.
எத்தனை நியூட்டனில் உடைகிறது என்று எழுத வேண்டும்.
ஒரு சாடிக்கு ஐம்பது.
ஐம்பதும் ஐம்பது விதமாக உடையும்,
அறிக்கைக்குச் சராசரிதான் போகும்.

பரீட்சைக்குப் படித்தபோது
அதன் பெயர் ஏவற்சக்தி.
ஏவல் என்றால் எங்கள் ஒழுங்கையில்
எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி
அடுத்த வீட்டுக்குப் பேய் அனுப்புவது.
விடைத்தாளில் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம்
எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் பயம்.

விஷயம் இவ்வளவுதான்:
ஐதரசனும் ஒட்சிசனும்
ஒரே குடுவைக்குள் நூறு வருடம் இருக்கும்.
தோளோடு தோள் இடிக்கும், நகரும்.
இறக்கம் அந்தப் பக்கம்தான்,
நீராகிவிட்டால் இரண்டுக்குமே நிம்மதி.
ஆனால் முதலில் ஓர் ஏற்றம்.
ஏறத்தான் தெம்பில்லை.

ஹார்ட்விக் எனக்கு எதிர் இருக்கை.
ஆறு வருடம்.
இரவு ஒன்றரைக்கும் "மால்ட்சைட்" என்பார்.
நானும் "மால்ட்சைட்" என்பேன்.
அவர் ரொட்டியை நான்காக வெட்டுவார்.
நான் மூடியைப் பாதி திறந்தே சாப்பிடுவேன்,
கருவாட்டு மணம் மேசையைத் தாண்டாமல்.

மார்ச்சில் டெர்யா வந்தாள், பயிற்சிக்கு.
வயது பத்தொன்பது. ஒரு காதில் மட்டும் மூன்று தோடு.
வேறு இடமில்லாமல் அல்ல, கவனமில்லாமல்
எங்கள் நடுவில் தட்டை வைத்தாள்.
அவருடைய உப்பை எடுத்து என் சோற்றில் தூவி,
என் கருவாட்டை எடுத்து அவர் ரொட்டியில் வைத்து,
"ருசி பாருங்கள்" என்றுகூடச் சொல்லாமல்
போனுக்குள் போய்விட்டாள்.

அவர் தின்றார். இருமினார்.
தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.
காரம் இறங்கிய வழியாகவே வேறு ஏதோ இறங்கி,
ஹாம்பூர்கில் இருக்கும் மகள்
பதினொரு வருடமாகப் பேசாததைச் சொன்னார்.
நான் என் மகனின் பெயரைச் சொன்னேன்.
இந்த நாட்டில் அதை உரக்கச் சொன்னதில்லை.
"இன்னொரு தடவை" என்றார்,
எழுத்துக் கூட்டினார்:
நி, ம, ல, ரூ, பன்.

உறைமோர் என்று நினைத்துவிடாதீர்கள்.
உறைமோர் தானும் தயிராகிவிடும்.
ஊக்கி வழியைத் தாழ்த்திவிட்டு
விலகி நிற்கும்.
தாழ்ந்த வழி போகவும்தான், வரவும்தான்.
ஜூனில் ஒரு ஜன்னலுக்காக
ஹார்ட்விக்கும் நானும் போட்ட சண்டை
அதே வேகத்தில் வந்தது.
எனக்கு ஜெர்மனில் அவ்வளவு கத்த வருமென்று
எனக்கே தெரியாது.
டெர்யா நடுவில் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

செப்டம்பரில் அவள் லொய்னாவுக்குப் போனாள்.

வினை முடிந்தபின் ஊக்கி மாறாதிருக்கும்
என்கிறது பாடப்புத்தகம்.
எழுதியவர் பழைய ஊக்கியைக்
கையில் எடுத்திருக்க மாட்டார்.
நான் எடுக்கிறேன், சாடி சாடியாக.
எடை மாறவில்லை,
தசமத்துக்குப் பின்னால் கொஞ்சம் தவிர.
நுணுக்குக்காட்டியில் பாருங்கள்:
தனித்தனியாகச் சிதறியிருந்த பிளாட்டினத் துணுக்குகள்
சூட்டில் நகர்ந்து, ஒன்றையொன்று பற்றி,
கட்டிதட்டிப் போயிருக்கும்.
சில இடங்களில் கந்தகம்
வந்து உட்கார்ந்தது எழுந்திருக்கவே இல்லை.

கடைசி இரவு, உடைமாற்றும் அறையில்
பூட்டைத் திறக்காமல் நின்றிருந்தாள்.
அம்மாவிடம் பேச வேண்டும், என்றாள்.
இலக்கம் இருக்கிறது.
அழுத்தத்தான் வரவில்லை.
எட்டு மாதமாக.

எங்கள் மேசையில் எட்டு மாதத்தில் ஏழு.

நான் என்ன செய்திருக்க வேண்டுமென்று
இப்போதும் தெரியவில்லை.
அவளுடைய பையை வாங்கி, தலைக்கவசத்தை வாங்கிப்
பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவள் கை இரண்டும் வெறுமையாக இருந்தன,
கொஞ்ச நேரம்.
பிறகு ட்ராம் வந்துவிட்டது.

இன்று சாடி நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
ஹார்ட்விக் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்,
எனக்காக, கோட்டை மாட்டிக்கொண்டு.
முதல் உருண்டை எண்பத்திரண்டு.
அடுத்தது எழுபத்தொன்பது.
மூன்றாவது
தட்டுக்குப் போகும் முன்பே
இடுக்கியில் தூளாகிவிட்டது.
அதற்கும் ஓர் எண் போட வேண்டும்.
பூச்சியம் என்றுதான் விதி.
பேனை மூடியைத் திறந்தபடி
உட்கார்ந்திருக்கிறேன்.